வீட்டுச் சாப்பாட்டின் செய்முறையை எழுதிப் பகிர்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடம்புக்கு முடியாத நாளிலும் மனசு சரியில்லாத நாளிலும் நாக்கு தேடுவது வீட்டில் சாப்பிட்டு வளர்ந்த எளிய சாப்பாட்டைத்தான். அதன் செய்முறையைப் பிறருக்கு எழுதிக் கொடுக்க ஆசைப்படுகிறவர்கள் பலர். எழுத உட்கார்ந்ததும் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. திரும்பத் திரும்பக் காதில் விழுந்தவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

நான் ஒண்ணும் பெரிய சமையல்காரி இல்லை. எங்க வீட்ல செய்யற சாதாரணச் சாப்பாட்டை எழுதினா யாருக்கு உபயோகம்?

விருந்துச் சமையலைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். வேலை முடிந்து களைத்து வந்தவர் அரை மணி நேரத்தில் என்ன செய்து சாப்பிடுகிறார், காய்ச்சல்காரருக்கு வீட்டில் என்ன கொடுக்கிறார்கள் என்பதெல்லாம்தான் எழுதப்படாமலே போகிறது. தெரிந்ததுதானே என்று யாரும் எழுதுவதில்லை. செய்தவர் இல்லாமல் போனால் செய்முறையும் கூடவே போய்விடுகிறது. ஆகவே எழுதுங்கள். வாரம் ஒருமுறையாவது செய்து கை பழகிய பண்டத்திலிருந்து தொடங்குங்கள். எப்போதோ ஒருமுறை செய்ததை எழுதினால் நுணுக்கங்கள் விட்டுப்போகும்.

ஒரு குறிப்புல கட்டாயம் என்னென்ன இருக்கணும்?

எத்தனை பேருக்கு, மொத்தம் எவ்வளவு நேரம், எவ்வளவு பெரிய பாத்திரம், பொருள்களும் அளவும், செய்யும் வரிசை, எப்போது முடிந்தது என்பதற்கான அடையாளம். இவை போதும். பொருள்களைப் பயன்படுத்தும் வரிசையிலேயே எழுதுங்கள். முதல் நாளே ஊறவைக்க வேண்டியது ஏதாவது இருந்தால் அதை மேலேயே சொல்லிவிடுங்கள். அடுப்பைப் பற்றவைத்த பிறகு ‘இரவு முழுக்க ஊறிய பயறு’ என்று படிக்கிறவரின் எரிச்சலை நினைத்துப் பாருங்கள்.

உதாரணமாக, அரிசியும் பருப்பும் சேர்த்துக் குழைய வேகவைக்கும் கஞ்சி, மூன்று பேருக்கு. பச்சரிசி 100 கிராம், தோல் நீக்கிய பாசிப்பருப்பு 50 கிராம், தண்ணீர் 900 மில்லி, தூள் உப்பு 8 கிராம், வெண்ணெய் 15 கிராம். பருப்பை வெறும் வாணலியில் வாசனை வரும்வரை வறுத்து, அரிசியோடு சேர்த்துக் கழுவி, இரண்டரை லிட்டர் பாத்திரத்தில் தண்ணீரோடு கொதிக்கவிடவும். பொங்கி வந்ததும் தீயைக் குறைத்து, மூடியைப் பாதி திறந்துவைத்து 35 நிமிடம் போல வேகவிடவும். அவ்வப்போது அடிவரை கிளறிவிட வேண்டும். கரண்டியால் எடுத்து ஊற்றினால் தனித்தனிப் பருக்கையாக விழாமல் ஒரே ஓட்டமாக இறங்கினால் பதம் சரி. இறக்கி, உப்பும் வெண்ணெயும் சேர்த்துக் கலக்கி, மூடிப் பத்து நிமிடம் வைக்கவும். குறிப்பு இவ்வளவு இருந்தால் தெரியாத ஒருவர்கூடச் செய்துவிடுவார்.

எங்க பாட்டி எல்லாத்தையும் கண்ணளவுலதான் போடுவாங்க. கேட்டா "உனக்கே தெரியும்"னு சொல்றாங்க. அளவு எப்படிக் கண்டுபிடிக்கறது?

அவரிடம் அளவைக் கேட்காதீர்கள், அவருக்கே தெரியாது. கைக்குத்தான் தெரியும். சமைக்கத் தொடங்குமுன் எண்ணெய் பாட்டில், பருப்பு டப்பா, உப்பு ஜாடி எல்லாவற்றையும் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் வழக்கம்போலச் சமைக்கட்டும். முடிந்ததும் திரும்ப எடை போடுங்கள். குறைந்தது எவ்வளவோ அதுதான் அளவு. தண்ணீரை ஒரு லிட்டர் குடுவையில் பிடித்துக் கொடுத்து, மீதியைக் கழித்துக்கொள்ளலாம். நடுவில் கையைப் பிடித்து நிறுத்தி அளந்தால் அவருடைய பழக்கமே கலைந்துவிடும், அப்போது போடும் அளவு வேறாகிவிடும்.

ஒரு கிராம் ஒரு கிராமாகக் காட்டும் சாதாரணச் சமையலறைத் தராசை ஐந்து கிராமுக்குக் கீழே அவ்வளவாக நம்ப முடியாது. மஞ்சள்தூள், மிளகு போன்றவற்றுக்கு, அவர் போடும் சிட்டிகையை ஒரு கிண்ணத்தில் போடச் சொல்லி, அளவுக் கரண்டியில் தலைதட்டி அளந்துகொள்ளுங்கள்.

அளவைவிட முக்கியமான ஒன்று உண்டு: அவர் சொல்லாமல் செய்பவை. வெங்காயம் போட்டதும் தீயைக் குறைப்பார். மூடியைச் சற்றே சாய்த்து வைப்பார். இறக்கியதும் உடனே பரிமாறாமல் கால் மணி நேரம் அப்படியே விட்டுவிடுவார். கேட்டால் இதில் எதுவும் அவர் வாயில் வராது. பக்கத்தில் நின்று பார்த்தால்தான் கிடைக்கும். ருசியில் பாதி இங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

கப், ஸ்பூன்னு எழுதினா போதாதா? கிராம் கணக்கெல்லாம் எதுக்கு?

‘கப்’ என்பது ஊருக்கு ஊர் மாறுகிறது. அமெரிக்கக் கப் சுமார் 240 மில்லி, மெட்ரிக் கப் 250, ஜப்பானியக் கப் 200. டேபிள்ஸ்பூன் பல நாடுகளில் 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20. ஒரே கப்பிலும் மாவைக் கரண்டியால் தளர்வாக நிரப்பினால் 120 கிராம், கப்பாலேயே அமுக்கி அள்ளினால் 150 கிராம் வரை போகும். ரொட்டி, கேக் போன்றவை கெட்டியாகிவிட்டதாகக் கேள்விப்படும் புகார்களில் பலவற்றுக்கு இதுதான் காரணம்.

தண்ணீருக்கு மில்லியும் கிராமும் ஒன்றுதான், எண்ணெய் அதைவிடச் சற்று இலேசு. காய்கறிக்கு ‘ஒரு வெங்காயம்’ என்பதைவிட ‘ஒரு வெங்காயம், சுமார் 120 கிராம்’ என்று எழுதினால் இரண்டு வகையாருக்கும் வசதி. தராசு இல்லாதவரை விட்டுவிட வேண்டாம். கிராமும் கப்பும் சேர்த்தே எழுதி, உங்கள் கப் எத்தனை மில்லி என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.

"உப்பு தேவையான அளவு"னு போடறது தப்பா?

தப்பில்லை, ஆனால் புதிதாகச் சமைக்கிறவருக்கு அது எந்த உதவியும் செய்யாது. தேவை எவ்வளவு என்று தெரியாமல்தானே அவர் குறிப்பைத் தேடி வந்திருக்கிறார்! சூப், கஞ்சி, குழம்பு போன்ற நீர்ப்பண்டங்களில் மொத்த எடையில் நூற்றுக்கு 0.8 முதல் 1 பங்கு உப்பு பெரும்பாலானோருக்குச் சரியாக இருக்கும். மேலே சொன்ன கஞ்சி வெந்து முடிந்தால் 900 கிராமுக்குச் சற்று மேலே நிற்கும். அதற்கு 8 கிராம் உப்பு என்பது இந்தக் கணக்குதான்.

எந்த உப்பு என்பதையும் சொல்லுங்கள். தூள் உப்பு ஒரு டீஸ்பூன் சுமார் 6 கிராம். கல்லுப்பு அதே ஸ்பூனில் குறைவாகத்தான் பிடிக்கும், இடைவெளி இருக்குமே. அளவைச் சொல்லிவிட்டு, ‘முதலில் முக்கால் பங்கு, ருசி பார்த்து மீதி’ என்று சேர்த்துவிட்டால் யாருக்கும் கரிக்காது.

"பச்சை வாசனை போற வரைக்கும் வதக்கவும்"னு எல்லாரும் எழுதறாங்க. அது எப்ப போச்சுன்னு எப்படித் தெரியும்?

நல்ல கேள்வி. எழுதுகிறவர்கள் தாண்டிப் போகும் இடம் இது. அரைத்த இஞ்சி பூண்டு விழுதைச் சூடான எண்ணெயில் போட்டதும் என்ன நடக்கிறது என்று குனிந்து பாருங்கள். முதலில் ‘சொய்ங்’ என்று பெரிய சத்தம், பெரிய பெரிய குமிழ்கள், ஆவி குப்பென்று எழும். மூக்கில் காரமாக ஏறும் நெடி அப்போதுதான் வருகிறது. விழுதில் இருக்கும் தண்ணீர் வெளியேறும் கட்டம் இது. தண்ணீர் மிச்சம் இருக்கும்வரை விழுதின் சூடு 100 டிகிரியை ஒட்டியேதான் நிற்கும், சிவக்காது.

இரண்டு மூன்று நிமிடத்தில் ஆவி மெலியும். குமிழ்கள் பொடியாகும். சத்தம் இறங்கி நொறுநொறுவென்று மாறும். விழுது வாணலியில் ஒட்டாமல் திரண்டு, ஓரத்தில் எண்ணெய் தெளிவாகக் கசியும். நெடி அடங்கி, இனிப்பு கலந்த மணம் வரும். பச்சை வாசனை போனது அப்போதுதான். உங்கள் குறிப்பில் இந்த அடையாளங்களில் இரண்டையாவது எழுதுங்கள். நிமிடக் கணக்கு உங்கள் அடுப்புக்கும் உங்கள் வாணலிக்கும் உரியது. குமிழும் சத்தமும் மணமும் எந்த அடுப்பிலும் ஒன்றுதான்.

வெங்காயம் அஞ்சு நிமிஷத்துல பொன்னிறமாகும்னு போட்டிருக்கு. எனக்கு ஆகவே மாட்டேங்குதே?

உங்கள் மேல் குற்றமில்லை, குறிப்பில் எழுதிய நேரம்தான் தப்பு. கால் கிலோ வெங்காயம் அகலமான வாணலியில், மிதமான தீயில் கண்ணாடிபோல் ஆகவே ஐந்து நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். இலேசான பொன்னிறத்துக்குப் பத்து, பதினைந்து நிமிடம். நன்றாகச் சுருண்டு ஆழ்ந்த பழுப்புக்கு வர 30 முதல் 45 நிமிடம். தீயை ஏற்றினால் ஓரம் கருகும், நடு வேகாது. உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரம் பார்த்து உண்மையான நேரத்தையே எழுதுங்கள். ‘சுலபம்’ என்று காட்டுவதற்காக நேரத்தைக் குறைத்து எழுதுவது படிப்பவருக்குச் செய்யும் அநியாயம்.

நான் எழுதினபடியேதான் செஞ்சாங்களாம், பயறு வேகவே இல்லையாம். என்ன தப்பு?

நான்கு காரணங்களை விசாரியுங்கள். பயறு பழையதா? நாள்பட்ட பயறு எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் விறைப்பாகவே இருக்கும். அவர்கள் தண்ணீர் கடினநீரா? அதில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து பயறு மிருதுவாவதைத் தடுக்கும். தக்காளி, எலுமிச்சை போன்ற புளிப்பை முன்பே சேர்த்துவிட்டார்களா? புளிப்பும் அதே வேலையைத்தான் செய்யும், பயறு வெந்த பிறகே அதைச் சேர்க்க வேண்டும். நான்காவது, மலைப்பகுதியில் இருக்கிறார்களா? ஏறக்குறைய ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் தண்ணீரின் கொதிநிலை ஒரு டிகிரி இறங்குகிறது. 2000 மீட்டரில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், பயறு வேக வெகுநேரம் பிடிக்கும். அங்கே பிரஷர் குக்கர்தான் கைகொடுக்கும்.

சிவப்பு ராஜ்மா பயறுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. அரைவேக்காட்டில் சாப்பிட்டால் கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும், அதில் உள்ள லெக்டின் என்ற நச்சுப்பொருள்தான் காரணம். ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவெனக் கொதிக்கவிட வேண்டும். 30 நிமிடம் என்றால் இன்னும் பாதுகாப்பு. குறைந்த சூட்டில் மெதுவாக வேகவைக்கும் மின்பானையில் நேரடியாகப் போடக் கூடாது. இதை உங்கள் குறிப்பில் விடாமல் எழுதுங்கள்.

குக்கர்ல நாலு விசில்னு எழுதலாமா?

எழுதலாம், கூடவே நிமிடத்தையும் எழுதுங்கள். விசில் இடைவெளி தீயையும் குக்கரின் அளவையும் உள்ளே இருக்கும் தண்ணீரையும் பொறுத்து மாறும். சில குக்கர்களுக்கு விசிலே கிடையாது. முழு அழுத்தத்தில் உள்ளே சுமார் 120 டிகிரி சூடு இருக்கும். ‘அழுத்தம் ஏறியபின் சிறுதீயில் 10 நிமிடம், பிறகு ஆவி தானாக அடங்கட்டும்’ என்று எழுதினால் எல்லாருக்கும் பொருந்தும். ஆவியை உடனே வெளியேற்றுவதா, தானாக அடங்க விடுவதா என்பதைச் சொல்லாமல் விடாதீர்கள், அடங்கும் நேரத்திலும் உள்ளே வெந்துகொண்டேதான் இருக்கும்.

மூணு பேருக்கான குறிப்பைப் பன்னிரண்டு பேருக்குச் செஞ்சா எல்லாத்தையும் நாலால பெருக்கினா போதுமா?

அரிசி, பருப்பு, காய், உப்பு இவற்றைப் பெருக்கலாம். தண்ணீரை அப்படியே பெருக்கினால் நீர்த்துப்போகும். ஆவியாகும் தண்ணீர் பாத்திரத்தின் வாய் அகலத்தைப் பொறுத்தது. நாலு மடங்கு கஞ்சிக்குப் பாத்திரத்தின் வாய் நாலு மடங்கு அகலமாக இருப்பதில்லை. மேலே சொன்ன கஞ்சிக்கு 3.6 லிட்டருக்குப் பதில் 3.3 லிட்டரில் தொடங்கி, பதம் பார்த்துக் கொதிநீர் சேர்ப்பது நல்லது. காரமும் மசாலாவும் முதலில் மூன்று மடங்கு மட்டும், மீதி ருசி பார்த்து. பொங்கி வரும் நேரம் கூடும், அதன்பின் வேகும் நேரம் பெரிதாக மாறாது. வெங்காயத்தை மட்டும் ஒரே வாணலியில் குவிக்காதீர்கள். நீர் விட்டு வேகுமே தவிர, சிவக்காது. இரண்டு மூன்று தடவையாக வதக்குங்கள்.

நீங்க சொன்ன பொருள் எங்களுக்குக் கிடைக்கலை. பதிலுக்கு வேற போடலாமான்னு கேட்கறாங்க. என்ன சொல்றது?

அந்தப் பொருள் அங்கே என்ன வேலை செய்கிறது என்று சொல்லுங்கள். புளிப்புக்காகவா, கெட்டிப்படவா, கொழுப்புக்காகவா, மணத்துக்காகவா? வேலை தெரிந்தால் மாற்றை அவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள். புளிப்புக்கு மட்டும் தக்காளி என்றால் எலுமிச்சை போடலாம், அடுப்பை அணைத்த பிறகு. கொதியில் எலுமிச்சையின் மணம் பறந்துவிடும். தக்காளி கெட்டித்தன்மைக்கும் சேர்த்து என்றால் எலுமிச்சை மட்டும் போதாது. பச்சை மூலிகைக்குப் பதில் காய்ந்தது என்றால் மூன்றில் ஒரு பங்கு.

எதை மாற்றவே கூடாது என்பதையும் துணிந்து சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு பண்டத்திலும் அப்படி ஒன்று இருக்கும். நம் கஞ்சியில் அது வறுத்த பருப்பு. வறுக்காமல் போட்டால் வேறு பண்டம்.

ஒவ்வாமை பத்தியெல்லாம் வீட்டுக் குறிப்புல எழுதணுமா?

எழுதணும். பால், முட்டை, மீன், வேர்க்கடலை, கொட்டைப் பருப்புகள், கோதுமை, சோயா, எள் ஆகியவை எல்லாருக்கும் நினைவுக்கு வரும். ஐரோப்பிய ஒன்றியம் கட்டாயம் குறிப்பிடச் சொல்லும் 14 பொருள்களில் கடுகும் உண்டு, அது பலருக்குத் தெரியாது. தாளிப்பில் ஓசையில்லாமல் சேர்ந்துவிடும் பொருளாயிற்றே. பொருள் பட்டியலில் எதையும் ‘மசாலா’ என்று மூடி எழுதாமல் உடைத்து எழுதினாலே பாதிக் கவலை தீரும். குழந்தைக்கான குறிப்பு என்றால் இன்னொன்று: ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் கூடாது.

மிச்சம் ஆனதை எவ்வளவு நேரம் வெளியில வைக்கலாம்?

இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குள் போய்விட வேண்டும். பெரிய பாத்திரத்தோடு வைத்தால் நடுப்பகுதி ஆற வெகுநேரமாகும், ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து வையுங்கள். சோற்றில் கூடுதல் கவனம் வேண்டும். அதில் இருக்கக்கூடிய ஒருவகை பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. வெளியில் கிடக்கும்போது அவை முளைத்து வெளியிடும் நச்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. ஆகவே ‘சூடு பண்ணிட்டா சரியாகிடும்’ என்பது சோற்றுக்குப் பொருந்தாது.

இன்னொருத்தர் குறிப்பைக் கொஞ்சம் மாத்தி நான் பகிரலாமா?

பொருள் பட்டியலுக்கு மட்டும் பல நாடுகளில் பதிப்புரிமை இல்லை. ஆனால் அவர் எழுதிய வாக்கியங்களும் எடுத்த படங்களும் அவருடையவை. செய்து பார்த்து, உங்கள் கண்ணில் பட்டதை உங்கள் வார்த்தையில் எழுதி, யாரிடமிருந்து கற்றீர்கள் என்று சொல்லிவிடுங்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் கற்றதாக இருந்தாலும் சரிதான். வீட்டுச் சமையலில் பெரும்பாலானவை பேர் தெரியாத பெண்களின் உழைப்பு. சொல்லும்போது அவர்களுக்குரியதை அவர்களுக்குக் கொடுப்போம். வீட்டார் வெளியே சொல்ல வேண்டாம் என்று நினைக்கும் குறிப்பு என்றால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

எல்லாம் சரியா அளந்து செஞ்சும் அம்மா கை ருசி வரலையே?

முதலில் பாத்திரத்தையும் தீயையும் சந்தேகப்படுங்கள். அடிகனத்த பாத்திரத்தில் மெதுவாக வெந்ததை மெல்லிய பாத்திரத்தில் வேகமாகச் செய்தால் ருசி மாறத்தான் செய்யும். அப்புறம் மிளகாய் வகை, எண்ணெய், பொடி அரைத்து எத்தனை நாளாயிற்று என்பதெல்லாம். அம்மா இறக்கிவைத்துக் கால் மணி நேரம் கழித்துப் பரிமாறினாரா என்றும் யோசியுங்கள். பாட்டியைப் பற்றிய கேள்வியில் சொன்ன ‘சொல்லாமல் செய்பவை’ இங்கேதான் வேலை காட்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் ஏதோ குறைகிறது என்றால் அதற்கும் காரணம் உண்டு. மணத்தை உணரும் மூளைப்பகுதி, உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளோடு மிக நெருங்கிய தொடர்பு உடையது. பசித்து வந்து உட்கார்ந்த நேரம், வேறொருவர் சமைத்துப் போட்டது, கூட இருந்தவர்கள் எல்லாமே அந்த ருசியில் சேர்ந்திருக்கின்றன. மேலும், சமைக்கிறவர் அடுப்படியில் நின்று அதே மணத்தை முகர்ந்து முகர்ந்து மூக்கு பழகிப்போயிருக்கும். செய்து முடித்துக் கொஞ்ச நேரம் வெளியே போய்வந்து சாப்பிட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

சமைச்சவங்க இப்ப உயிரோட இல்லை. அந்தப் பண்டத்தைத் திரும்பக் கொண்டுவர முடியுமா?

பெரும்பாலும் முடியும். அதைச் சாப்பிட்ட இரண்டு மூன்று பேரைத் தனித்தனியாகக் கேளுங்கள். சேர்த்து வைத்துக் கேட்டால் ஒருவர் சொன்னதற்கு மற்றவர் தலையாட்டிவிடுவார். ‘என்ன போட்டாங்க’ என்று கேட்டால் பதில் வராது. என்ன நிறம், தட்டில் ஊற்றினால் ஓடுமா நிற்குமா, வாயில் எது தட்டுப்படும், எந்தப் பாத்திரம், வீட்டில் அன்று என்ன வாசனை என்று கேளுங்கள். அதிலிருந்து ஒரு முதல் அளவை எழுதி, சிறிய அளவில் சமைத்து, அவர்களுக்கே கொடுங்கள். ‘இல்லை, இதைவிடக் கொஞ்சம் புளிப்பா இருக்கும்’ என்று அவர்கள் சொல்வதுதான் உங்களுக்கு வேண்டிய தகவல். ஒரு தடவைக்கு ஒரே ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது.

எழுதி முடிச்சாச்சு. அப்படியே பகிர்ந்திடலாமா?

அந்தப் பண்டத்தை ஒருமுறைகூடச் செய்யாத ஒருவரிடம் கொடுத்து, நீங்கள் பக்கத்தில் இல்லாதபோது சமைக்கச் சொல்லுங்கள். அவர் கேட்டு அனுப்பும் ஒவ்வொரு கேள்வியும் குறிப்பில் விட்டுப்போன ஒரு வரி. ‘மூடி வெக்கணுமா?’ என்று கேட்டால் அதைச் சேர்த்துவிடுங்கள். பின்னால் அளவை மாற்றினால் பழையதை அழிக்காமல், தேதி போட்டு, என்ன மாற்றினீர்கள் என்று கீழே எழுதுங்கள். பழைய அளவில் செய்து பழகியவர் திடீரென்று குழம்ப மாட்டார்.